கண்ணைக் கட்டிப் படிப்புச் சொன்ன சம்பத்

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, போர் மோட்டார் சாமான் விற்கிற கடைக்கு மேலே ஒரு மாடி அறை இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அந்த அறையில் சின்னப் பிள்ளைகள் சம்மணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். எல்லாருடைய கண்ணிலும் கறுப்புத் துணி கட்டியிருக்கும். ஆளுக்கொரு அட்டையை மூக்குக்கு நேரே பிடித்து மோந்து மோந்து பார்க்கும். நாய்க்குட்டிகூட மோந்து பார்த்துவிட்டு ஒரு பிஸ்கட் தின்னும். இந்தப் பிள்ளைகள் மோந்து பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும். அதுதான் அங்கே படிப்பு. அதைச் சொல்லித் தருகிறவர் பெயர் சம்பத்.

சம்பத்தைக் கெட்ட மனுஷர் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. கெட்டது செய்வதற்கும் ஒரு வேலையில் நிலைத்து நிற்க வேண்டும். அந்தப் பொறுமையை ஆண்டவன் அவருக்கு வைக்கவில்லை.

சொந்த ஊர் செய்யூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா காலத்தில் கடலைக் கொல்லை இருந்தது, கொஞ்சம் சவுக்கும் இருந்தது. அப்பா மண்ணைக் கொத்தினார். பிள்ளை வாயைத் திறந்தார். சவுக்கு வளர நாளாகிறதே என்று யாரோ ஒரு கம்பெனிக்காரன் கொடுத்த தண்ணியைத் தெளித்து, பாதி வயசிலேயே வெட்டிவிடலாம் என்று ஊரெல்லாம் சொன்னார். மரம் ஊதுபத்திக் குச்சி மாதிரி நின்றது. பிறகு கையில் குடையோடு மனை காட்டுகிற வேலைக்குப் போனார். முட்டிவரை தண்ணி நிற்கிற கழிவெளியைக் காட்டி, ‘சார், இங்கதான் பஸ் ஸ்டாண்டு வருது’ என்று கும்பிட்டுச் சொல்வார். அதுவும் போய், தண்ணி சுத்தம் பண்ணுகிற மெஷின் விற்றார். அவர் வூட்டில் மட்டும் பானைத் தண்ணிதான்.

பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து சம்பத் ஒரு புத்தகத்தைத் திறந்தவர் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பெண்டாட்டி கையில் நீட்டி, “இன்னா போட்டுக்கிறான், எந்த மண்டபம்?” என்று கேட்பார். எழுத்து தெரியாதவர் அல்ல. அதோடு மல்லுக்கட்டச் சோம்பல். அப்படிப்பட்டவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரக் கிளம்பினார் என்றால் பெருமாள் சிரிக்காமல் என்ன செய்வார்?

எல்லாம் மகள் ஹரிப்ரியா பிறந்ததில் ஆரம்பித்தது. குழந்தை பிறந்தால் மற்றவர்கள் முடி இறக்க நேர்ந்துகொள்வார்கள். சம்பத் அட்டை வாங்கினார். முழு வார்த்தையாகப் பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டைகள். கண் மூடித் திறப்பதற்குள் காட்டி மறைத்துவிட வேண்டுமாம். குழந்தையின் மூளை அப்படியே படம் பிடித்துக்கொள்ளுமாம். தூளிக்கு முன்னால் நின்று, ரம்மிச் சீட்டுப் போடுகிறவன் மாதிரி சர் சர்ரென்று அட்டையை உருவிக் காட்டுவார். குழந்தை ஒரு அட்டையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிற்று. “பாத்தியா, எழுத்த ருசி பாக்குது” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

பெண்டாட்டி கல்யாணி மதுராந்தகத்துப் பெண். பத்தாவது வரை படித்தவள். விஜயதசமிக்குக் குழந்தையைப் பெருமாள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டுபோய், பட்டர் மடியில் உட்காரவைத்து, தாம்பாளத்து நெல்லில் விரல் பிடித்து எழுதவைக்க ஆசைப்பட்டாள்.

“நெல்லுல எழுதறதெல்லாம் பழைய மெத்தடு” என்றார் சம்பத். “ஒவ்வொரு எழுத்தா காட்னா மூளை சின்னதாப் பூடும். முழுசா உள்ள போவணும். நீ அ, ஆன்னு எதுனா சொல்லிக்குடுத்தேன்னு வெச்சுக்கோ, மெத்தடே கெட்டுடும்.”

கல்யாணி கோயிலுக்குக் கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமைப் பேப்பரோடு வருகிற ஆன்மிகப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவள், பெற்ற பெண்ணை மடியில் வைத்து நாலு எழுத்துக் காட்ட என்ன தடை? புருஷன் சொல் ஒன்றுதான் தடை. அதை மீறாமல் இருப்பதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாள். பெருமாளுக்குச் செய்ய வேண்டியதைச் சம்பத்துக்குச் செய்தாள். அதற்குப் பலன் இல்லாமல் போகுமா?

அட்டை சலித்தது. அடுத்து சத்தம் வந்தது. எழுத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, சத்தத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று போனில் ஒரு அம்மா பாடி ஆடினாள். ஹரிப்ரியா நாள் முழுக்க ‘ட், ட், ட்’, ‘ப், ப்’ என்று வாயால் தட்டிக்கொண்டு திரிந்தாள். பக்கத்து வூட்டு அம்மா, பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். சத்தங்களைச் சேர்த்து வார்த்தையாக்குகிற இடம் வருவதற்குள் சம்பத்துக்கு அதுவும் சலித்துவிட்டது. பிறகு கைப்பலகை மாதிரி ஒரு கருவி. அதில் ஒரு கிளி. பிள்ளை எதைத் தொட்டாலும் ‘சூப்பர்’ என்று கத்தும். தப்பாகத் தொட்டாலும் கத்தும். பிள்ளை கிளியைக் கத்தவைக்கக் கற்றுக்கொண்டாள்.

அட்டை காட்டுவதில் குற்றம் இல்லை. சத்தம் சொல்லித்தருவதிலும் குற்றம் இல்லை. பொறுமையாக ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் பழுக்கும். சம்பத் எதையும் பழுக்கவிடவில்லை. சவுக்குக்குச் செய்ததையே பெற்ற மகளுக்கும் செய்தார். ஒவ்வொரு முறையும் பழி பிள்ளைமேல்: “பாப்பா ரிசீவ் பண்ணல.”

ஹரிப்ரியா இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். வகுப்பு ஆசிரியை பிரிசில்லா மிஸ் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் கல்யாணியை நிறுத்தினாள்.

“ஹரிப்ரியாம்மா, ஒரு நிமிஷம். உங்க பொண்ணு புத்தகத்த மூடிக்கினே படிக்கிறா, தெரியுமா?”

“மனப்பாடமா சொல்லுவா மிஸ். நல்ல ஞாபகம்.”

“ஞாபகம்தான். அதத்தான் சொல்றேன். நான் பக்கத்த மாத்தி வெச்சாலும் அதே பாடம்தான் வருது. அவ பேர போர்டுல எழுதி இன்னான்னு கேட்டேன். ‘இது இன்னா படம் மிஸ்’ன்றா.”

கல்யாணி மைதானத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க. மக்குப் பொண்ணு இல்ல. யாரும் அவள எழுத்துகிட்ட உக்கார வெக்கல, அவ்ளோதான். ஸ்கூல் விட்டதும் அரை மணி நேரம் என்கூட விட்டுட்டுப் போங்க. முதல்லேர்ந்து வருவோம். மெதுவாத்தான் வரும். ஆனா ஒண்ணு, கண்ண கட்டற கிளாசு வேணாம். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னா பிள்ளை எதைப் பிடிப்பா?” பிரிசில்லா மிஸ் குரலைத் தாழ்த்தினாள். “இப்பவே பக்கத்துப் பிள்ளைங்க சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. இவ புத்தகத்த ஒளிச்சு வெக்கறா. வெக்கம் உள்ள பூந்துட்டா அப்புறம் எழுத்த கண்டாலே ஓடுவா மா. இந்த வருஷம் வுட்டுடாதீங்க.”

அன்று ராத்திரி சோறு போடும்போது கல்யாணி பேச்சை எடுத்தாள். சம்பத் கையை உதறினார். அந்த அரை மணி நேரம்தான் மாடி அறையில் வகுப்பு ஆரம்பிக்கிற நேரம். அந்த வகுப்புக்கு ஹரிப்ரியாதான் முதல் பிள்ளை. புதுசாக வருகிற அப்பா அம்மாக்களுக்கு அவளைத்தான் செய்து காட்டுவார்.

“அந்த மிஸ்ஸுக்கு பொறாமை. கண்ண தொறந்து படிக்கிறது ஆடு மாடு கூட செய்யும்.”

“எந்த மாடுங்க படிக்குது?”

“எதிர்த்துப் பேசாத. ஹரிஹரன் சார் வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்பால பேசிக்கலாம்.”

இந்த ஹரிஹரன் சார் பொத்தேரியில் ஒரு ஓட்டல் ஹாலில் கோட்டுப் போட்டுக்கொண்டு பயிற்சி கொடுப்பவர். மூளைக்கு நடுவிலே ஒரு கதவு இருக்கிறதாம், அதைத் திறந்துவிட்டால் கண்ணே தேவையில்லையாம். சம்பத் அங்கே போய் வந்துதான் இந்தத் துணி வியாபாரத்தை ஆரம்பித்தார்.

அதில் நடப்பது இவ்வளவுதான். துணியை எப்படிக் கட்டினாலும் மூக்கின் ஓரத்தில் ஒரு சந்து இருக்கும். மோவாயைத் தூக்கினால் அந்தச் சந்து வழியாக மூக்குக்குக் கீழே இருக்கிற அட்டை தெரியும். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. முதல் நாளே ஒவ்வொன்றும் தானாகக் கண்டுபிடித்துவிடும். மற்ற பிள்ளைகள் நிஜமாகவே மூளையால் பார்க்கிறார்கள், தான் மட்டும்தான் திருட்டுத்தனமாகப் பார்க்கிறோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். பெரியவர்கள் கைதட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது எந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரும்? சாமி கொடுத்த கண்ணைக் கட்டி, பிள்ளைக்கு முதல் பாடமாகத் திருட்டைக் கற்றுக்கொடுத்து, அதற்கு ஒரு சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

மற்ற பிள்ளைகள் சந்து வழியாகப் படித்தன. ஹரிப்ரியாவுக்குச் சந்து இருந்தும் படிக்கத் தெரியாது. ஆனால் வகுப்பிலும் அதே பழைய தூளி அட்டைகள்தான், அவள் அவற்றோடு பிறந்து வளர்ந்தவள். எந்த அட்டையில் சாம்பார்க் கறை, எந்த அட்டைக்கு மூலை மடிந்திருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. கறை இருந்தால் யானை. மூலை மடிந்திருந்தால் ரயில். சடசடவென்று சொல்வாள். சம்பத்துக்கு இது தெரியுமா என்று கேட்டால், தெரிந்துகொள்ள அவர் ஒரு நாளும் முயற்சி பண்ணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹரிஹரன் சார் வருகிற நாளுக்கு ஊரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். நிகழ்ச்சி நன்றாக நடந்தால் மதுராந்தகத்திலிருந்து கடற்கரை வரைக்கும், கல்பாக்கம், மாமல்லபுரம் எல்லாம் சேர்த்துச் சம்பத்தைத் தலைவராகப் போடுவதாகப் பேச்சு. கல்பாக்கத்திலிருந்து காரில் குடும்பங்கள் வந்தன. அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்க்கிற ராகவனும் அவர் மனைவி காயத்ரியும் முன்வரிசையில், கல்யாணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எட்டு ஊர்த் தண்ணி குடித்துப் படித்த மனுஷர் ராகவன். கண்ணால் பார்க்க முடியாத அணுவைக்கூட ஆராய்கிறவர், மூக்கோரத்துச் சந்தை ஆராயவில்லை.

“இது மூளை அலை சம்பந்தப்பட்டது” என்று காயத்ரிக்குச் சொன்னார். “நமக்கு அறிவியல் தெரியும்கிறதால புரியுது. சாதாரண ஜனங்களுக்குப் புரியாது.”

“ஆமாங்க” என்று கல்யாணி தலையாட்டினாள். அவள் வாய்க்குள்ளே பெருமாள் பெயரை உருட்டிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நன்றாக நடக்க வேண்டுமென்று வேண்டுவதா, நடக்கக்கூடாதென்று வேண்டுவதா? நன்றாக நடந்தால் புருஷன் தலைவர், மகள் ஊர் ஊராகப் போய் அட்டையை மோந்து பார்க்க வேண்டும், எழுத்து இந்த ஜென்மத்துக்கு இல்லை. நடக்காவிட்டால் குடும்பத்துக்குத் தலைக்குனிவு. எதைக் கேட்பதென்று தெரியாமல் வெறும் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் நிறையத் தெரிய வேண்டும் என்று சம்பத் சொந்த ஊருக்கும் வேன் அனுப்பியிருந்தார். அந்த வேனில் துரை வந்து இறங்கினார். ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அந்த ஊரில் கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி நடக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு தடியோடு பானையை உடைக்க வருகிற பையன்களுக்குக் கண்ணைக் கட்டுகிற பாத்தியதை துரை வூட்டாருக்கு. அதனால் ஊர்க்காரன் எங்கே மேடை போட்டாலும் முதல் மரியாதை அந்த வூட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் துரை வாசலிலேயே நின்று ஊர் நியாயம் பேசுவார். அதில் அவருக்கு ஒரு தனி ருசி.

சம்பத் ஹரிஹரன் சாருக்குச் சால்வை வாங்கியிருந்தார். துரைக்கு வாங்க மறந்துவிட்டார்.

துரை மேடைக்குக் கீழே வந்து நின்று, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார். “இன்னா சம்பத்து, வேன் வுட்டு கூட்டாந்து நிக்க வெச்சு வேடிக்கை காட்றியா? வூட்டு மரியாதை இன்னாச்சு?”

மைக் சம்பத் கையில் இருந்தது. வாய்தான் அவருக்கு எப்போதும் முந்துமே. “அண்ணாத்தைக்கு இல்லாத மரியாதையா? நம்ம உறியடில கண்ணு கட்டற கை அது! இன்னிக்கு மொத பாப்பாவுக்கு எங்க துரை அண்ணாத்ததான் கண்ண கட்டி ஆரம்பிச்சு வெக்கப் போறாரு! கைதட்டுங்க!”

குத்துவிளக்கு ஏற்றவைக்கிற மாதிரி, ரிப்பன் வெட்டவைக்கிற மாதிரி, ஒப்புக்கு ஒரு முடிச்சு என்று அவர் நினைத்தார். துரைக்கு ஒப்புக்குச் செய்கிற பழக்கம் கிடையாது.

ஹரிப்ரியா பட்டுப் பாவாடையில் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தாள். துரை கறுப்புத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னாடா, மூக்கு தொடைக்கிற துணியாட்டம் கீது? இதுல கட்டி எங்கூர்ல ஒருத்தன வுட்டா, பானைய ஒடச்சிட்டு பக்கத்து வூட்டு கோழியவும் புடிச்சிகினு வருவான்.” கூட்டம் சிரித்தது. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் துண்டையே எடுத்தார். நீளவாக்கில் மடித்தார். கீழ் ஓரத்தைத் திரிபோல உருட்டி மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும் அணைகட்டினார். தலைக்குப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

“அண்ணாத்த, போதும், குழந்த” என்றார் சம்பத்.

“நீ சும்மா கெட. என் கட்டுல கொசு பூந்துகினு போவாது. பாப்பா படிக்கட்டும், அப்பத்தான் அவ பெருமை ஊருக்குத் தெரியும்.” துரை மனசார நம்பித்தான் சொன்னார். சந்தேகம் எல்லாம் அவருக்குப் பானைக்குக் கீழே நிற்கிற பையன்கள்மேல்தான். மைக்கில் சொன்னதை அவர் சந்தேகப்படுவதில்லை.

முதல் அட்டை வந்தது. ஹரிப்ரியா வழக்கம்போல மோவாயைத் தூக்கினாள். இடது பக்கம் திரும்பினாள். வலது பக்கம் திரும்பினாள். அட்டையை மூக்கில் தேய்த்தாள்.

“சொல்லு கண்ணு. கதவ தொற” என்றார் சம்பத்.

“யானை.”

அட்டையில் இருந்தது மயில். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. ஹரிஹரன் சார் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். சம்பத் வேறு அட்டையை நீட்டினார்.

“யானை” என்றாள் மறுபடியும். துண்டைத் தொட்டுப் பார்த்தாள். “அப்பா, ஒண்ணுமே தெரியலப்பா. துரை பெரியப்பா சந்தெல்லாம் அடச்சுட்டாரு.”

பிள்ளை படிப்பது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சம்பத் மைக்கை அவள் மடியில் வைத்திருந்தார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

துரைக்குக் கோபம் வந்தது. “இன்னாடா இது? சந்து வுட்டுத்தான் கட்டணும்னா என்ன எதுக்கு கூப்ட்ட? உறியடி வூட்டு கைக்கு இதவிட அவமானம் வேற கீதா?”

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அப்போதாவது சம்பத் வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவர் சம்பத் இல்லை. ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். பிள்ளையின் முகத்தில் துண்டு அழுத்திய கோடு சிவந்திருந்தது.

“பெரியோர்களே! கட்டு இறுக்கத்துல எனர்ஜி பிளாக் ஆய்டுச்சு. பரவால்ல! கதவு உள்ள தொறந்துதான் கீது. இப்ப பாருங்க, கண்ண தொறந்துகினு பாப்பா எவ்ளோ ஸ்பீடா படிக்கிறான்னு. யார்னா, எதுனா ஒரு காகிதம் குடுங்க!”

காயத்ரி கைப்பையைத் துழாவி, கோயில் உற்சவத்துக்கு அச்சடித்த ஒரு நோட்டீசை எடுத்துக் கொடுத்தாள். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘அனைவரும் வருக.’

ஹரிப்ரியா அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைத் தடவினாள். கறை இல்லை, மூலை மடியவில்லை. மண்டபம் முழுக்கத் தன்னையே பார்ப்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, இது நம்ம அட்ட இல்லியே.”

இந்தத் தடவை யாரும் விசில் அடிக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, பெரிய கண் இரண்டும் திறந்திருக்க, ஒரு வரியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு நோட்டீசை மடித்து, பாவாடைக்கு அடியில் ஒளித்துவைத்தது.

பிரிசில்லா மிஸ் சொன்னது கல்யாணிக்கு ஞாபகம் வந்தது. எழுந்து மேடையில் ஏறினாள். ஆம்பளைகள் நிற்கிற மேடையில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தூக்குகிற வயசு தாண்டிவிட்டது, பட்டுப் பாவாடை தரையில் இழுபட்டது.

“எங்கடி போற? இன்னும் புரோகிராம் கீது” என்றார் சம்பத் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நாளையிலேர்ந்து இவ பிரிசில்லா மிஸ்கிட்ட உக்காருவா.”

“மெத்தடு கெட்டுடும்டி.”

“கெடட்டும்ங்க” என்றாள் கல்யாணி. ‘ங்க’ போட மறக்கவில்லை.

இதற்கப்புறம் சம்பத்தின் கடை மூடியிருக்கும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குப் படித்த ஜனங்களைத் தெரியாது. ராகவன் அன்றே காரில் போகும்போது காயத்ரிக்கு விளக்கிவிட்டார்: முடிச்சு இறுகியதில் மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது, பட்டுத் துணியாக இருந்தால் இது நேராது. அடுத்த வாரம் தன் பிள்ளைக்குப் பட்டுத் துணியோடு வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். ஒப்புக்கொண்டால் இத்தனை நாள் கைதட்டியது எதற்கு என்று ஆகிவிடுமே. ஹரிஹரன் சார் ஒரு சட்டம் போட்டார், பயிற்சி பெறாத வெளியாள் யாரும் கண் கட்டக்கூடாது என்று. சட்டத்தைப் போட்டுவிட்டுச் சம்பத்தைத் தலைவராகவும் போட்டார். நெருக்கடியில் பேச்சை நிறுத்தாத ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. துரைக்கு மட்டும் ரொம்ப நாள் ஆறவில்லை. சம்பத் ஒரு சால்வை வாங்கிக்கொண்டு போய்ப் போர்த்திய பிறகு ஆறிற்று. இப்போது அவரும் தம்பி கிளாஸைப் பற்றி ஊரில் பெருமையாகத்தான் பேசுகிறார்.

பிரிசில்லா மிஸ்ஸிடம் போக ஹரிப்ரியாவுக்கு அனுமதியும் கிடைத்தது. மகள் எழுத்துப் படிக்க வேண்டும் என்று இரக்கப்பட்டுச் சம்பத் கொடுத்த அனுமதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். “இவ இனிமே அந்தப் பக்கம் வந்தா பிசினஸ் படுத்துடும். எங்கனா போயி எதுனா படிக்கட்டும்” என்றார். எந்த வழியாக இருந்தால் என்ன என்று கல்யாணி கையைக் கூப்பிக்கொண்டாள். பெருமாள் கழுதை வாயாலும் உத்தரவு கொடுப்பார்.

பாடம் எளிதாக நடக்கவில்லை. புது எழுத்தைக் கண்டால் பிள்ளை முதலில் தாளின் மூலையைத்தான் தடவினாள். ‘ப’வும் ‘ட’வும் தனித்தனியே தெரியும், சேர்த்து வைத்தால் முழித்தாள். அழுதாள். பிரிசில்லா மிஸ் மணலில் எழுதவைத்தாள், சத்தம் சொல்லவைத்தாள், அட்டையும் காட்டினாள். அட்டையை மட்டும் தினமும் புதுசாக எழுதிக் கிழித்துப் போட்டாள். வூட்டில் கல்யாணி மடியில் வைத்துத் தொடர்ந்தாள். ஒரு பழக்கம் மட்டும் லேசில் போகவில்லை. எதைப் படித்தாலும் ஹரிப்ரியா மோவாயை அண்ணாந்து, கண்ணைப் பாதி மூடி, மூக்கு வழியாகத்தான் கீழே பார்த்தாள். துணி இல்லாமலே சந்தைத் தேடினாள்.

சில மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பத் புதுசாக அச்சடித்து வந்த தன் வகுப்பு நோட்டீசை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். மாவுக்கையோடு நின்ற கல்யாணியிடம் வழக்கம்போல நீட்டினார்.

“இன்னா போட்டுக்கிறான் பாரு, என் பேரு கரெக்டா கீதா?”

“கை மாவா இருக்கு. பாப்பாகிட்ட குடுங்க.”

ஹரிப்ரியா வாங்கிக்கொண்டாள். மோவாய் தானாக மேலே போயிற்று. கல்யாணி புறங்கையால் பிள்ளையின் உச்சந்தலையை மெல்லத் தொட்டுக் கீழே தாழ்த்தினாள். “நேரா பாரு கண்ணு. இங்க யாரும் கட்டல.”

பிள்ளை விரலை வைத்தாள். “க... ண்... கண். க, ட், டி... கட்டி.” நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். “கண் கட்டி... ப, டி... படி.”

அது அட்டை இல்லை. கறை இல்லை. கல்யாணி மாவுக்கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்க முடியவில்லை.

“இதுக்கு இவ்ளோ நேரமா?” என்றார் சம்பத் சலித்துக்கொண்டு. “அந்த மிஸ்ஸு இதத்தான் சொல்லிக்குடுத்துகினு கீறாளா? என்கிட்ட இருந்தப்ப இவ எவ்ளோ ஸ்பீடா படிச்சா தெரியுமா!”

நோட்டீசைப் பிடுங்க வந்த அவர் கையைப் பிள்ளை விலக்கிவிட்டது.

“இருப்பா, இன்னும் முடியல” என்று அடுத்த எழுத்தில் விரலை வைத்தது.